நல்லது செய்துவிட்டு 'நான் இல்லை' என்றால்?

கேள்வி: செய்த நல்ல காரியத்தை மறைப்பதும் பொய்தானே? பிள்ளைகள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?

பதில்: வளர்ந்த சூழலைப் பொறுத்தது. உளவியலாளர் காங் லீ குழுவினர் சீனாவிலும் கனடாவிலும் 7, 9, 11 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டு 1997-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன ஒரு கதையில், யாரும் பார்க்காதபோது பள்ளி வளாகத்தைச் சுத்தம் செய்த பிள்ளை, டீச்சர் கேட்டதும் 'நான் செய்யலை' என்கிறது. கனடாப் பிள்ளைகளுக்கு அது தப்பு. சீனப் பிள்ளைகளோ வயது ஏற ஏற அதை மெச்சினார்கள். 'நான்தான் செய்தேன்' என்ற உண்மைக்கு அவர்களிடம் மதிப்புக் குறைந்தது. அடக்கத்தை அங்கே பள்ளியே சொல்லித்தருகிறது. ஆனால் குற்றத்தை மறைக்கும் பொய்யை இரு நாட்டுப் பிள்ளைகளுமே ஏற்கவில்லை.

வீட்டில் கேட்டுப் பார்க்கிறீர்களா? 'செய்தது நல்லதா?', 'சொன்னது நல்லதா?' என்று தனித்தனியாகக் கேளுங்கள். சேர்த்துக் கேட்டால், செயலுக்கான பாராட்டு பேச்சுக்கும் ஒட்டிக்கொள்ளும்.