சோறுண்டாச்சா?

அன்புள்ள ஐயா,

ஓர் ஆங்கிலச் சிறுகதையைத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். தனியாக வாழும் ஒரு கிழவர் வேலை முடிந்து வருகிறார், சாப்பிடுகிறார், படுக்கிறார். மூலத்தில் ஓரிடத்தில் டின்னர், இன்னோரிடத்தில் சப்பர். நான் எல்லா இடத்திலும் ‘இரவு உணவு உட்கொண்டார்’ என்று எழுதியிருந்தேன். படித்த என் அம்மா, “ஏன், அவரை ஆஸ்பத்திரில சேத்திருக்குதா?” என்று கேட்டுவிட்டார். வேறு எப்படித்தான் எழுதுவது?

ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

அம்மா சொன்னது சரி. உட்கொள்வதெல்லாம் மாத்திரையும் டானிக்கும்தான்.

நம் கொங்குப் பக்கத்தில் ராத்திரி யாரைப் பார்த்தாலும் “சோறுண்டாச்சுங்களா?” என்று கேட்பார்கள். இரவு என்ற சொல்லே அதில் கிடையாது, கேட்பதே இருட்டில்தானே. வீட்டில் தோசை வார்த்திருந்தாலும் கேள்வியில் சோறுதான். “ஆச்சுங்க, ரெண்டு தோசை” என்று பதில் வரும். யாருக்கும் அது பொருந்தாமல் படாது.

சென்னை நண்பர்களுக்கு ‘உண்’ என்பது பாடப்புத்தகச் சொல். எங்கள் அம்மாயி “சோறுங்க வா” என்றுதான் கூப்பிடுவார். உங்க என்றால் உண்ண. ஒருமுறை என்னோடு வந்த தஞ்சாவூர் நண்பன், சோற்றுக்கே மரியாதையாக ‘ங்க’ போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, “எனக்கும் சோறுங்க” என்றான். அம்மாயி சிரிக்கவில்லை, இன்னொரு வட்டிலை எடுத்து வைத்தார்.

என்ன சாப்பிட்டோம் என்பதைப் பொறுத்து வினை மாறும். சோளச்சோறு என்றால் உண்பது, கம்மங்கூழ் என்றால் குடிப்பது, கறியும் முறுக்கும் என்றால் தின்பது. எல்லாம் கலந்த சாப்பாடு என்றால்? தனிவினை எதுவும் போடாதே, பொதுவினை போடு என்கிறது தொல்காப்பியம். நன்னூலும் அப்படியே. ‘அடிசில் அயின்றார்’, அதாவது சாப்பாடு சாப்பிட்டார், என்பது உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. நன்னூல் செய்த பவணந்தியைப் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று நாம் சொந்தம் கொண்டாடுகிறோம். ஆனால் அவர் சமண முனிவர், பொழுது இறங்கினால் வாயில் எதுவும் வைக்காதவர். ராத்திரிச் சோற்றுக்கு அவரிடம் போய்ச் சொல் கேட்பது நியாயமில்லை.

சொல்வது யார் என்பதும் உண்டு. வீட்டுக்கு வந்தவரிடம் “கை நனைச்சுட்டுப் போங்க” என்கிற அதே அம்மா, நேரம் கழித்து வந்த மகனைப் பற்றி “கொட்டிக்கிட்டுப் படுத்துட்டான்” என்பார். இரண்டும் ஒரே சோறு, ஒரே அடுப்பு.

இப்போது உங்கள் கிழவர். அவர் அந்த ஊர்க்காரர், அவருக்குக் கொங்குப் பேச்சைப் போர்த்த வேண்டாம். கதை சொல்கிறவருக்குச் ‘சாப்பிட்டார்’ போதும். டின்னருக்கும் சப்பருக்கும் இரண்டு வினை தேடி அலையாதீர்கள். அங்கேயும் அவை ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறுகிற சொற்கள்தான். சில ஊர்களில் டின்னர் என்றால் மத்தியானச் சாப்பாடு, எந்த நேரம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் தட்டில் என்ன இருந்தது என்று பாருங்கள். ரொட்டியும் சூப்பும் என்றால் ‘ரொட்டியைச் சூப்பில் தொட்டுத் தின்றுவிட்டுப் படுத்தார்’ என்று எழுதுங்கள். ராத்திரி என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, அவர்தான் படுத்துவிட்டாரே.