சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீடு கட்டுபவர்கள் கொத்து வேலை பற்றிக் கேட்ட கேள்விகளும், கட்டுமானப் பொறியாளர் ஒருவரின் பதில்களும்.

சார், மூன்று மேஸ்திரிகளிடம் விலை கேட்டேன். மூன்று பேரும் சதுர அடிக்கு மூன்று விதமாகச் சொல்கிறார்கள். குறைந்ததை முடித்துவிடலாமா? (மஞ்சக்குப்பம்)

மூன்று பேரும் ஒரே வேலைக்கு விலை சொல்லியிருந்தால் முடித்துவிடுங்கள். பெரும்பாலும் அப்படி இருக்காது. ஒருவர் சென்ட்ரிங் பலகை (கான்கிரீட் ஊற்றத் தாங்கும் அடைப்பு), கம்பி கட்டும் கூலி எல்லாம் சேர்த்துச் சொல்லியிருப்பார். இன்னொருவர் கணக்கில் மாடிப்படி, கைப்பிடிச்சுவர், செப்டிக் டேங்க் எல்லாம் தனி. வேலை பாதியில் நிற்கும்போதுதான் "அது நம்ம பேச்சிலேயே இல்லையே சார்" என்பார்.

அதனால் முதலில் நீங்கள் ஒரு பட்டியல் எழுதுங்கள். அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம் வரை, சன்ஷேடும் லாஃப்டும் சேர்த்தியா, சாரக் கட்டை யாருடையது, போர்டிகோவை முழு அளவாக எடுப்பாரா பாதியாகவா, கட்டிய சுவருக்குத் தண்ணீர் விட ஆள் யார். அதே தாளை மூவரிடமும் கொடுத்து மறுபடி விலை கேளுங்கள். அப்புறம் ஒவ்வொருவரும் முன்பு கட்டிய வீட்டைப் போய்ப் பாருங்கள். புது வீடு வேண்டாம், இரண்டு மூன்று மழை பார்த்த வீடாக இருக்கட்டும். ஜன்னல் மூலைகளில் விரிசல், சுவரின் அடிப்பக்கம் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

லேபர் கான்ட்ராக்ட்தான். மேஸ்திரி பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். (வில்லியனூர்)

கொடுக்காதீர்கள். சிமெண்டும் கல்லும் நீங்கள் வாங்கித் தருகிறீர்கள். அவருக்குப் பாதிப் பணம் எதற்கு? ஆனால் அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. சனிக்கிழமை வந்தால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அவர் கையில் காசு இருக்க வேண்டும். வாராவாரம் கூலிக்கு ஒரு தொகை, பேஸ்மட்டம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் கட்டை), ரூஃப், பூச்சு என்று ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கணக்குத் தீர்ப்பது என்று பேசிக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கடைசியில் ஒரு சிறு தொகையை ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்வரை நிறுத்தி வைப்பதாக முதல் நாளே சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் சொன்னால் சண்டைதான்.

அண்ணே, எங்கள் மனை தேவனாம்பட்டினத்தில். போர் தண்ணீர் லேசாகக் கரிக்கிறது. அதிலேயே கலவை போடலாம், கடற்கரை மணலையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார் மேஸ்திரி.

தம்பி, இரண்டும் வேண்டாம். உப்பில் இருக்கும் குளோரைடு கம்பியைத் துரு பிடிக்க வைக்கும். துரு கம்பியைவிட அதிக இடம் பிடிப்பதால் உள்ளிருந்து தள்ளி, கான்கிரீட்டைப் பிளந்துவிடும். பழைய துறைமுகப் பக்கம் சீலிங் பெயர்ந்து கம்பி தெரியும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள்.

கம்பி போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் இந்தியத் தரக்குறியீட்டில் உச்ச அளவு. நாக்கில் வைத்துச் சொல்ல முடியாது, ஒரு பாட்டில் எடுத்து ஆய்வகத்தில் கொடுங்கள். தேறவில்லை என்றால் டேங்கர் தண்ணீர்தான். செலவுதான், ஆனால் கலவைக்கு மட்டுமில்லை, கட்டிய பின் நனைப்பதற்கும் நல்ல தண்ணீர் வேண்டும்.

இன்னொன்று, கடல் காற்று நேராக அடிக்கும் இடத்தில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும். ஜல்லித் துண்டை அண்டக் கொடுத்துச் சமாளிப்பார்கள். கம்பிக்கு இடைவெளி விட வைக்கும் கவர் பிளாக் கட்டைகளை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல்லா, சேம்பர் சூளையில் சுட்ட செங்கல்லா? (நெல்லிக்குப்பம்)

இரண்டிலும் வீடு நிற்கும். சாம்பல் கல் அளவு பிசகாது, பூச்சு மெலிதாகப் போகும். ஆனால் வார்த்த சூட்டோடு லோடு ஏற்றி அனுப்பினால் சுவரான பிறகு சுருங்கி விரிசல் விடும். எத்தனை நாள் தண்ணீர் விட்டது என்று கல் செய்யும் இடத்தில் கேளுங்கள். செங்கல் என்றால் இரண்டைத் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. ஒரு நாள் முழுக்க ஊற வைத்து எடை போட்டால், காய்ந்த கல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடக் கூடாது. கட்டுமுன் செங்கல்லை நன்றாக நனைக்கணும், இல்லாவிட்டால் கலவையின் ஈரத்தைக் குடித்துவிடும். 100 சதுர அடி ஒன்பது அங்குலச் சுவருக்குச் சுமார் 1,000 கல் பிடிக்கும்.

ஒரே நாளில் சுவரை லிண்டல் வரை ஏற்றித் தருகிறேன் என்கிறார் மேஸ்திரி. நல்லதுதானே?

இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து அடி போதும்.

கலவைக்குக் கண் அளவே போதும் என்கிறார்கள். (அரியாங்குப்பம்)

போதாது. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்றுக்கு ஆறு, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல்; நாலரை அங்குலச் சுவருக்கு ஒன்றுக்கு நான்கு. ஒரு மூட்டை சிமெண்ட் ஒன்றேகால் கன அடி என்பதால், ஒன்றுக்கு ஆறு என்றால் ஏழரை கன அடி மணல். ஒரு பெட்டி செய்து வைத்து அதிலேயே அளக்கச் சொல்லுங்கள்.

விகிதத்தைவிட நான் கவனிப்பது சாப்பாட்டு நேரத்தை. பதினொன்றரைக்குக் குழைத்த கலவை, சாப்பிட்டு வரும்போது இறுகத் தொடங்கியிருக்கும். அதில் தண்ணீர் ஊற்றி இளக்கிக் கட்டுவார்கள். அந்தச் சுவர் கையால் சுரண்டினாலே உதிரும். அரை மணி, மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரத்தில் தீர்கிற அளவுக்கு மட்டும் குழைக்கச் சொல்லுங்கள்.

புதுச்சேரி வைசியாள் வீதி அருகே பாட்டி வீடு. சுண்ணாம்புப் பூச்சு உதிர்கிறது. சிமெண்ட் பூசிவிடலாமா, ஐயா?

வேண்டாம் அம்மா. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கும், வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, கொஞ்ச நாளில் சிமெண்ட் பாளம் பாளமாகக் கழன்று வரும், பழைய செங்கல்லையும் இழுத்துக்கொண்டு. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் புதுச்சேரியில் இன்னும் இருக்கிறார்கள். அந்த வீதியிலேயே புதுப்பித்த வீட்டுக்காரர்களிடம் விசாரியுங்கள். கூலி கூடத்தான் கேட்பார்கள், கொடுக்கலாம்.

நான் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் மேஸ்திரிக்குக் கோபம் வருகிறது. (திருப்பாதிரிப்புலியூர்)

வேலை தெரிந்தவர், சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டை அவரே எடுத்துக் கொடுப்பார். ஆனால் சாரத்தில் நிற்கும் கொத்தனாரிடம் நேராகக் குறை சொல்லாதீர்கள், அவருக்கு இரண்டு முதலாளி ஆகிவிடும். சாயங்காலம் மேஸ்திரியைத் தனியாக அழைத்துக் காட்டுங்கள். பூச்சுக்கு முன்னால் காட்டுங்கள்.