சிறுநீரக நிபுணரிடம் அப்பாவை முதல் தடவை கூட்டிப் போகிறேன். பத்து நிமிடம்தான் கிடைக்குமாம். எப்படித் தயாராவது?

மூன்று வருடமாக அம்மாவைக் கூட்டிப் போய் வருகிறேன். முதல் தடவை நான் கோட்டை விட்டதை நீங்களும் விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் பதினெட்டு வருடமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர். எங்கள் ஊர் டாக்டர், ரத்த டெஸ்டில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு; சிறுநீரகம் பழுதானால் இது ஏறும்) 2.1 என்று வந்ததைப் பார்த்துவிட்டு மதுரைக்குப் போகச் சொன்னார். அந்த ஒரு ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனோம். நிபுணர் முதலில் கேட்டது, "போன வருஷம் எவ்வளவு இருந்தது?" பழைய ரிப்போர்ட் எல்லாம் வீட்டு பீரோவில். அடுத்து, "வேற மாத்திரை ஏதாவது போடுறீங்களா?" அம்மா இல்லை என்றார், நானும் இல்லை என்றேன். ரத்தம், சிறுநீர் டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்து, எல்லா மாத்திரையையும் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்.

மறு வாரம் அம்மாவின் மாத்திரை டப்பாவை அப்படியே துணிப்பையில் போட்டு எடுத்துப் போனேன். டாக்டர் மேஜையில் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நான்கு மாத்திரை உள்ள ஒரு துண்டு அட்டை. மெடிக்கலில் வெட்டிக் கொடுத்தது. பெயர் இருந்த பக்கம் போய், 'டைக்ளோ' என்பது வரைதான் மிச்சம் இருந்தது.

"இது எதுக்கும்மா?"

"மூட்டு வலிக்கு சார். ராத்திரி ஒண்ணு போட்டாத்தான் தூக்கம் வருது."

அது எட்டு மாதமாக நடந்திருக்கிறது. அம்மாவின் கணக்கில் அது மருந்தே இல்லை. டாக்டர் எழுதிக் கொடுப்பதுதான் மருந்து. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரியான வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். ஏற்கெனவே பழுதான சிறுநீரகம் அதைத் தாங்காது. அன்றைக்கே நிறுத்தச் சொல்லி, மூட்டு வலிக்கு வேறு வழி சொன்னார். அடுத்த டெஸ்டில் கிரியாட்டினின் 1.7க்கு இறங்கியது.

அதனால், மாத்திரைப் பட்டியல் எழுதிக்கொண்டு போவதைவிட மாத்திரைகளையே கொண்டு போங்கள். அட்டையோடு, பாட்டிலோடு. லேகியம், சூரணம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த கஷாயப் பொடி, வைட்டமின் டப்பா, எதையும் விடாதீர்கள். நாட்டு மருந்து என்று சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று அப்பா மறைக்கப் பார்க்கலாம். முதல் நாள் ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேளுங்கள். அலமாரியில் மட்டுமல்ல, தலையணைக்கு அடியிலும் சட்டைப் பையிலும் பாருங்கள்.

அப்புறம் பழைய ரிப்போர்ட்டுகள். கிரியாட்டினின் 2.1 என்கிற எண் தனியாக நின்றால் பாதிதான் பேசும். ஐந்து வருடத்தில் மெல்ல ஏறியதா, இரண்டு வாரத்தில் குதித்ததா என்பதில்தான் வைத்தியமே மாறுகிறது. நான் ஒரே தாளில் தேதி, கிரியாட்டினின், மூன்று மாதச் சர்க்கரை, சிறுநீரில் புரதம் என்று கட்டம் போட்டு எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன். டாக்டர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறார். பழைய வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டும் முக்கியம். சிறுநீரகத்தின் அளவு அதில் இருக்கும். ஈசிஜி தாள் நாளாக நாளாக மங்கிவிடும். இப்போதே ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

வீட்டில் பிரஷர் பார்க்கும் மெஷின் இருந்தால், போவதற்கு முந்தைய ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்துக் குறித்து வையுங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு, கையை மேஜைமேல் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று மாடி ஏறிப் போய் டோக்கனுக்குக் காத்திருந்த பிறகு எடுக்கிற அளவு பல பேருக்குக் கூடுதலாகத்தான் காட்டும்.

வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்று முன்னாடியே போன் செய்து கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்காமல் போய், முதல் நாள் அம்மா மதியம் ஒரு மணி வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். கை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சர்க்கரைக்காரர்களை அப்படி வைத்திருக்கவே கூடாது. இப்போது பையில் எப்போதும் இட்லி இருக்கும்.

உள்ளே போனதும் முதலில் அப்பாவைப் பேச விடுங்கள். நான் முந்திக்கொண்டு பேசியதால்தான் மூட்டு வலியைப் பற்றி அம்மா வாயே திறக்கவில்லை. அதே சமயம், டாக்டரைப் பார்த்ததும் "நல்லா இருக்கேன்" என்று முடித்துக்கொள்ளும் தலைமுறை அது. கால் வீக்கம், ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார் என்பதையெல்லாம் அவர் விட்டால் நீங்கள் எடுத்துக் கொடுங்கள். கேட்க வேண்டியதை மூன்று கேள்விக்குள் எழுதிக்கொண்டு போங்கள், முக்கியமானது மேலே. டாக்டர் சொன்னதை, "இந்த மாத்திரை நிறுத்தணும், இது பாதி, சரிதானே சார்?" என்று அங்கேயே ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்கள். நான் அப்படிச் சொன்னபோது இரண்டு தடவை என்னைத் திருத்தியிருக்கிறார்.

எழுந்திருக்கும் முன் இதைக் கட்டாயம் கேளுங்கள்: "எது நடந்தா அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காம வரணும்?" எங்கள் டாக்டர், வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் உடனே போன் செய்யுங்கள், உடம்பில் நீர் குறையும்போது சில பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும் என்றார். போன சித்திரையில் அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அன்று சாயங்காலமே போன் செய்தேன். எதை நிறுத்துவது, எத்தனை நாள் என்று அவரே சொன்னார்.