இலையைத் திருப்பிப் பாருங்கள்: நரம்பமைவு கேள்வி பதில்

கும்பகோணம் வாசகர்: வியட்நாம் மாணவர்களோடு சேர்ந்து இலைகளை விவரித்து எழுதப்போகிறோம். நரம்பமைவுச் சொற்களை ஆங்கிலத்திலும் அவர்கள் மொழியிலும் சொல்ல முடியுமா?

பதில்: மகிழ்ச்சியோடு. நரம்பமைவு என்பது இலையில் நரம்புகள் ஓடும் விதம். இலை நரம்பு ஆங்கிலத்தில் 'வெய்ன்'. அது இரத்தக் குழாயின் பெயர். வியட்நாமியத்தில் 'கன் லா'. 'லா' என்றால் இலை. 'கன்' தசைநாருக்கும் உரிய சொல். யாழின் தந்தியையும் நரம்பு என்றே அழைத்த நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

நரம்புகள் வலைபோல் பின்னும் வலைப்பின்னலுக்கு ஆங்கிலத்தில் 'ரெட்டிகுலேட்', வியட்நாமியத்தில் 'ஹிங் மாங்'. 'மாங்' என்பது வலை. நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் இணைப்போக்குக்கு 'பாரலல்', 'சோங் சோங்'. மாவிலையைப் போல நடுநரம்பிலிருந்து இருபுறமும் கிளை பிரிந்தால் நமக்குச் சிறகு வடிவம், ஆங்கிலத்தில் 'பின்னேட்', அவர்களுக்குப் பறவை இறகு என்று பொருள்படும் 'லோங் சிம்'. மூன்று மொழியும் பறவையைத்தான் பார்த்திருக்கின்றன. பப்பாளியில்தான் வழி பிரிகிறது. நமது அங்கை வடிவமும் ஆங்கில 'பால்மேட்'டும் உள்ளங்கையைச் சொல்ல, அவர்கள் 'சன் வித்', அதாவது வாத்தின் கால் என்கிறார்கள். அறுவடை முடிந்த வயலில் வாத்து மேயக் கண்டவர்களுக்கு அந்தப் பெயர் மறக்கவே மறக்காது.

ஓர் எச்சரிக்கை. தமிழில் எழுதும்போது வியட்நாமியத்தின் குரல் ஏற்ற இறக்கம் மறைந்துவிடும். 'லா' ஏறுகுரலில் இலை. இறங்குகுரலில் 'ஆகும்' என்ற பொருள். காதால் கேட்டுப் பழகுங்கள்.

திருவாரூர் வாசகர்: நெல்?

பதில்: இணைப்போக்கு. சோங் சோங்.

மன்னார்குடி வாசகர்: இணைப்போக்கு என்றாலே விதையில் ஒரே வித்திலை உள்ள ஒருவித்திலைத் தாவரம்தானே?

பதில்: பெரும்பாலும் அப்படித்தான், ஆனால் அதைச் சட்டமாக்காதீர்கள். சேம்பு ஒருவித்திலை, அதன் இலையில் வலை இருக்கிறது. புன்னை இருவித்திலை, அதன் பக்க நரம்புகள் சீப்புப் பல்லைப் போல நெருங்கி இணையாக ஓடுகின்றன. இலையைத் திருப்பி அடிப்புறத்தைப் பாருங்கள், குடும்பத்தைப் பிறகு தேடலாம்.

நாகப்பட்டினம் வாசகர்: வாய்க்காலை அடைக்கும் ஆகாயத்தாமரைக்கு என்ன சொல்?

பதில்: 'ஹிங் கூங்', வில் வடிவம். ஆங்கிலத்தில் 'ஆர்க்குவேட்'. நரம்புகள் அடியில் புறப்பட்டு, வளைந்து, நுனியில் கூடுகின்றன.

ஐயம்பேட்டை வாசகர்: அப்படியானால் எங்கள் கொடிக்கால் வெற்றிலையும் வில் வடிவம்தான்!

பாபநாசம் வாசகர்: இல்லை. அடியிலிருந்து விரல்களாக விரிகிறதே, அங்கை வடிவம்.

பதில்: இருவரும் ஆளுக்கொரு கொழுந்து வெற்றிலையை எடுத்து அடிப்புறத்தைத் திருப்புங்கள். பொதுவாக ஏழு நரம்புகள். வெளிப்புற நரம்புகள் காம்பு சேரும் இடத்திலேயே கிளம்புகின்றன. மேலே உள்ள இரண்டு நரம்புகளான மேல் இணை மட்டும் நடுநரம்பில் சற்று ஏறி, ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் பிரிந்து நுனி நோக்கி வளைகிறது. இடையெல்லாம் வலை. எனவே வெறும் அங்கை வடிவம் என்றால் அந்த மேல் இணை விடுபடும். வெறும் வில் வடிவம் என்றால் வலை விடுபடும். ஒற்றைச் சொல்லில் அடைக்காமல், எத்தனை நரம்பு, எங்கே பிரிகிறது, எப்படி வளைகிறது என்று எழுதுங்கள். காம்பைக் கிள்ளி நரம்பை உரித்து வெற்றிலை போடுகிறவருக்கு மேல் இணை எங்கே பிரிகிறது என்பது விரலிலேயே தெரியும். வியட்நாமியரும் வெற்றிலை போட்டவர்கள். வெற்றிலைச் சுருள்தான் பேச்சின் தொடக்கம் என்று அவர்களிடம் பழமொழியே உண்டு. இந்த இலையிலிருந்தே உங்கள் கூட்டு வேலையைத் தொடங்கலாம்.

பாபநாசம் வாசகர்: அப்போதும் அது அங்கை வடிவம்தான்.

பதில்: மேல் இணை பிரியும் இடத்தை அளந்துவிட்டு வாருங்கள். அதுவரை பதில் சொல்ல மாட்டேன்.

திருவையாறு வாசகர்: வெற்றிலை நரம்பு கருகுகிறது, என்ன மருந்து?

பதில்: அது என் துறை அல்ல. இலையோடு வேளாண்மை அலுவலரிடம் செல்லுங்கள்.

மயிலாடுதுறை வாசகர்: வாழைக்கு நடுநரம்பு இருக்கிறதே, மாவிலை வகைதானே?

பதில்: அடிப்புறத்தைப் பார்த்தீர்களா? நடுநரம்பிலிருந்து ஓரம் வரை பக்க நரம்புகள் ஒன்றையொன்று தொடாத கோடுகளாகப் போகின்றன. காற்றில் வாழையிலை கிழிவதும் அந்தக் கோடுகளின் வழியேதான். இணைப்போக்கு.

சீர்காழி வாசகர்: நெல் என்ன வகை?

பதில்: திருவாரூருக்குச் சொன்னதே.