மைட்டோகாண்ட்ரியா ஸ்கிரீனிங்: நீங்க கேட்டதுக்கு என் பதில்

புதுச்சேரில ஒரு செல் கல்ச்சர் லேப்ல வேலை பாக்குறேன், செல்லுக்கு எனர்ஜி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவுல கை வைக்கிற காம்பவுண்டுகளத் தேடுறதுதான் தினசரி வேலை. வந்த கேள்விகள எடுத்துக்குறேன்.

கடலூர் எம்எஸ்சி தங்கச்சி: அக்கா, என் காம்பவுண்ட் போட்டும் ஹெப்ஜி2 செல் (லேப்ல வளக்குற கல்லீரல் புற்றுநோய் செல்) சாகவே இல்ல. மைட்டோகாண்ட்ரியாவுக்கு பாதிப்பில்லன்னு எழுதிரலாமா?

எழுதிடாதம்மா. மீடியத்துல குளுக்கோஸ் எவ்ளோன்னு மொதல்ல பாரு, 25 மில்லிமோலாரா இருந்தா செல்லு கிளைகாலிசிஸ வச்சே, அதாவது மைட்டோகாண்ட்ரியா இல்லாமலே குளுக்கோஸ ஒடச்சு எனர்ஜி எடுத்தே, பொழச்சுக்கும். 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சப்ப நம்ம பக்கம் நாள்கணக்கா கரண்ட் இல்லல்ல, ஜெனரேட்டர் வச்சிருந்த வீட்ல மட்டும் லைட் எரிஞ்சுது, உள்ள இருக்குறவங்களுக்கு வெளிய கம்பம் சாஞ்சதே தெரியாது, உன் செல்லும் அப்படித்தான் இருக்கு. அந்த ஜெனரேட்டர எடுத்துடு. குளுக்கோஸுக்கு பதிலா 10 மில்லிமோலார் காலக்டோஸ்ல வளத்தா மைட்டோகாண்ட்ரியாவ நம்பித்தான் வாழணும், ரெண்டு பிளேட்லயும் ஒரே டோஸ் போட்டு ஏடிபி (செல்லு செலவு பண்ற எனர்ஜி நாணயம்) அள. காலக்டோஸ்ல மட்டும் சரிஞ்சா காரணம் மைட்டோகாண்ட்ரியாதான், ரெண்டுலயும் ஒரே மாதிரி செத்தா வேற எங்கயோ அடிக்குது.

கூடவே மைட்டோகாண்ட்ரியாவ அடைக்கும்னு ஏற்கனவே தெரிஞ்ச ரோட்டனோன, ஒப்பிட்டுப் பாக்க, கன்ட்ரோலா போடு. குளுக்கோஸ் வெல்லுல (பிளேட்ல இருக்குற குழி) மீடியம் சீக்கிரமே மஞ்சளாயிரும், அது லாக்டிக் ஆசிட். காலக்டோஸ் வெல் செவப்பாவே நிக்கும், ஆனா மைக்ரோஸ்கோப்ல பாத்தா செல்லெல்லாம் உருண்டு மெதக்கும். மொத தடவ இதப் பாத்தன்னிக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

லாஸ்பேட்டை பிஃபார்ம் தம்பி: செல்லோட ஆக்சிஜன் செலவ அளக்குற சீஹார்ஸ் மெஷின் இல்லாம முடியுமா?

முடியும்பா, ஆக்சிஜன அளக்குற பழைய கருவியான கிளார்க் எலக்ட்ரோடு போதும், ஒரு நாளைக்கு கொஞ்ச சாம்பிள்தான் ஓடும். ஆக்சிஜன் செலவு கொறஞ்சா மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள எலக்ட்ரான கைமாத்துற செயினையோ ஏடிபி செய்யுற என்சைமையோ அடைக்குது, ஏறுனா அன்கப்ளர், அதாவது எனர்ஜிய ஏடிபியாக்க விடாம சூடா வீணாக்குற பொருள்.

வில்லியனூர் அண்ணன்: எனர்ஜிய நிறுத்துனா விஷம்தானே, அது எப்படி மருந்தாகும்?

யாரோட எனர்ஜிங்கறதுதான்ணே விஷயம். பெடாகுவிலின்ங்கற மருந்து டிபி கிருமியோட ஏடிபி சிந்தேஸ (ஏடிபி செய்யுற என்சைம்) அடைக்குது, நம்மளோடது அதுக்கு சுலபத்துல மாட்டாது. அமெரிக்காவுல 2012ல அப்ரூவல் கெடச்சுது, மத்த மருந்துக்கு மசியாத டிபிக்கு இன்னிக்கு அதுதான் பெரிய தொணை. மலேரியாவுக்குத் தர்ற அட்டோவாகுவோனும் கிருமியத்தான் குறி வைக்குது, ஆனா அது அடைக்கிறது ஏடிபி சிந்தேஸ இல்ல, கிருமியோட மைட்டோகாண்ட்ரியால இருக்குற எலக்ட்ரான் செயின.

பண்ருட்டில இருந்து ஒருத்தர்: விலங்குல டெஸ்ட் பண்ணிட்டுத்தானே மனுஷனுக்குத் தர்றாங்க, இவ்ளோ மெனக்கெடணுமா?

கண்டிப்பா மெனக்கெடணும்ங்க. 1993ல ஃபியாலுரிடின்னு ஹெபடைடிஸ் பி மருந்து ட்ரையல்ல 15 பேர்ல 5 பேர் எறந்துட்டாங்க, விலங்குல பாத்தப்ப இந்த ஆபத்து தெரியல. அது மைட்டோகாண்ட்ரியாவோட டிஎன்ஏவுலயே போய் ஒக்காந்துச்சு, வாரக்கணக்கா சத்தமே இல்லாம சேதம் பண்ணுச்சு. ஒரு நாள் டெஸ்ட்ல இது சிக்காது, அதனாலதான் செல்லுக்கு நாள்கணக்கா மருந்து குடுத்து மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அளவையும் எண்ணுறோம்.

ஜிம் போற தம்பி: டிஎன்பி (டைநைட்ரோஃபீனால்) சாப்டா கொழுப்பு கரையும்ங்கறாங்களே?

தொடாதப்பா. 1930கள்ல எடை கொறைக்க வித்து, ஆள் செத்து, 1938ல அமெரிக்காவுல நிறுத்துன பொருள் அது. அது ஒரு அன்கப்ளர், ஏடிபியா மாற வேண்டிய எனர்ஜி சூடா போயிரும், ஒடம்பு கொதிக்கும், முறிவு மருந்து கெடையாது. ஏற்கனவே எடுத்திருந்தா காய்ச்சல் வரட்டும்னு காத்திருக்காத, இப்பவே கேஷுவால்டிக்குப் போய் என்ன சாப்ட்டன்னு மறைக்காம சொல்லு.