கண் இல்லாத பெட்டி எதைக் கணிக்கும்? கேசினோ கருவிகள் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற முறை கேசினோவில் இருக்கும் ரூலட் சக்கரத்தைப் பற்றி நான்கு வரி எழுதினேன். எண் போட்ட குழிகள் கொண்ட சுழலும் சக்கரம் அது, பந்து எந்தக் குழியில் விழும் என்பதுதான் பந்தயம். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே கேள்வியைக் கேட்டவர்களைச் சேர்த்து, முடிந்தவரை எல்லாருக்கும் பதில் சொல்கிறேன்.

கே: ரூலட்டில் எந்த எண் விழும் என்று கம்ப்யூட்டரால் முன்கூட்டியே சொல்ல முடியும் என்கிறார்களே, உண்மையா? (கோவை வாசகர், இன்னும் மூன்று பேர்)

ப: எண்ணைச் சொல்ல முடியாது. சக்கரத்தில் எந்தப் பக்கம் விழ வாய்ப்பு அதிகம் என்று சொல்ல முடியும். பந்து மேல் விளிம்பில் ஓடும்போது அதன் வேகம் ஓரளவு ஒழுங்காகக் குறைகிறது. சக்கரமும் அப்படித்தான். பந்து ஒரு சுற்று வர எத்தனை நொடி, சக்கரத்தில் பூஜ்யம் எழுதிய குழி ஒரு சுற்று வர எத்தனை நொடி என்று அளந்துவிட்டால், பந்து விளிம்பை விட்டு இறங்கும்போது அடியில் எந்தப் பகுதி இருக்கும் என்பதைக் கணக்குப் போடலாம். அதன்பிறகு பந்து உலோகத் தடுப்புகளில் மோதிச் சிதறும். அந்தச் சிதறலை யாராலும் கணிக்க முடியாது. ஆனால் 37 குழிகளில் பாதியைத் தள்ளிவிட முடிந்தாலே போதும், ஹவுஸ் எட்ஜ், அதாவது கேசினோவுக்கு ஆட்டத்திலேயே உள்ள அனுகூலம், காணாமல் போய்விடும்.

எட்வர்ட் தார்ப், கிளாட் ஷானன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர்கள் இருவரும் 1961இலேயே இதைச் செய்து காட்டினார்கள். சிகரெட் பெட்டி அளவில் ஒரு கருவி, 12 டிரான்சிஸ்டர், ஷூவுக்குள் கால் கட்டைவிரலால் அழுத்தும் சுவிட்ச். சக்கரத்தை எட்டுப் பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதி என்பதைக் காதுக்குள் ஒரு ஸ்வரமாக ஒலிக்கச் செய்தார்கள். உடம்பில் அணியும் முதல் கம்ப்யூட்டர் என்று பலரும் சொல்வது இதைத்தான். பரிசோதனைக் கூடத்தில் 44 சதவீதம் வரை அனுகூலம் கிடைத்தது. லாஸ் வேகாஸ் மேஜையில் காதுக்குப் போகும் முடி போன்ற கம்பி அறுந்து அறுந்து போனது. பெரிய தொகை கட்டவே அவர்களால் முடியவில்லை. 2012இல் மைக்கேல் ஸ்மால், சி.கே. ட்சே என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் இதே கணக்கை எளிய முறையில் செய்து பார்த்து 18 சதவீத அனுகூலம் கிடைத்ததாக எழுதினார்கள்.

இதை முறியடிக்க கேசினோவுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. பந்து சுழலத் தொடங்கியதும் "இனி பந்தயம் இல்லை" என்று டீலர் (மேஜையில் ஆட்டத்தை நடத்துபவர்) சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அளப்பதற்குப் பந்து ஓடியாக வேண்டும், அது ஓடும்போது பந்தயம் மூடியிருக்கும்.

கே: லண்டனில் மூன்று பேர் மொபைலை வைத்துப் பல கோடி ஜெயித்தார்களாம். பணத்தையும் திருப்பித் தரவில்லையாம். அப்படியானால் அது சட்டப்படி சரிதானே?

ப: 2004இல் ரிட்ஸ் கேசினோவில் ரூலட் மேஜையில் நடந்தது. இரண்டு இரவில் சுமார் 13 லட்சம் பவுண்ட். போனுக்குள் லேசர் ஸ்கேனர் இருந்ததாகச் செய்தி வந்தது. போலீஸ் கைது செய்து, மாதக்கணக்கில் விசாரித்து, குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் விட்டது. பணமும் அவர்களுக்கே போனது. ஆனால் அன்று பிரிட்டனில் இருந்த சூதாட்டச் சட்டம் 1968ஆம் வருடத்தியது. அடுத்த வருடமே புதுச் சட்டம் வந்து, சூதாட்டத்தில் ஏமாற்றுவது தனிக் குற்றமானது. இரண்டு வருடம் வரை சிறை. 20 வருடம் பழைய செய்தியை நம்பிக் கிளம்பாதீர்கள்.

கே: பிளாக்ஜாக்கில் சீட்டு எண்ண மொபைலில் ஆப் இருக்கிறதே, போட்டுக்கொண்டு போகலாமா?

ப: கூடாது. பிளாக்ஜாக் ஒரு சீட்டாட்டம். இதுவரை விழுந்த சீட்டுகளைக் கணக்கில் வைத்து, மீதி என்ன இருக்கும் என்று ஊகிப்பதுதான் எண்ணுவது. லாஸ் வேகாஸ் இருக்கும் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் மனதால் எண்ணினால் குற்றமில்லை, மேஜையில் கருவியால் எண்ணினால் குற்றம். இந்த வித்தியாசத்தை எத்தனை முறை எழுதினாலும் மறுபடி யாராவது கேட்கிறார்கள். 1970களில் கீத் டாஃப்ட் என்பவர் உடம்பில் கட்டிக்கொள்ளும் பிளாக்ஜாக் கம்ப்யூட்டர் செய்தார். முதல் கருவி ஏழு கிலோ. அது உண்மையாகவே வேலை செய்தது. அதனால்தான் 1985இல் கருவிகளையே தடை செய்து சட்டம் போட்டார்கள். கருவியோடு பிடிபட்டால் ஒன்றிலிருந்து ஆறு வருடம் வரை சிறை. 2009இல் ஐபோன் ஆப் ஒன்று வந்தபோதும் அங்குள்ள சூதாட்டக் கண்காணிப்பு வாரியம் எச்சரிக்கை அனுப்பியது. வீட்டில் பழகுவதற்கு ஆப் வைத்துக்கொள்ளுங்கள். கருவியோடு உள்ளே போகாதீர்கள்.

அப்புறம், சீட்டைத் தொடர்ந்து கலக்கும் மெஷின் வைத்த மேஜையில் மனதாலும் எண்ணிப் பயனில்லை.

கே: ஸ்லாட் மெஷினில் (காசு போட்டால் படங்கள் சுழலும் சூதாட்டப் பெட்டி) காந்தம் வைத்தால்?

ப: பழைய காலத்து மெஷின் என்றால் ஏதாவது நடந்திருக்கலாம். இன்றைய மெஷினில் முடிவை எடுப்பது சிப். காந்தத்தால் ஒன்றும் ஆகாது, நீங்கள்தான் மாட்டுவீர்கள்.

கே: ஸ்லாட் மெஷினைப் படம் பிடித்து, போன் அதிரும்போது பட்டனை அழுத்தி ஜெயித்தவர்கள் உண்டா?

ப: உண்டு, இது நல்ல கேள்வி. 2014இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பிடிபட்ட ரஷ்யக் கூட்டம். சில பழைய மாடல் மெஷின்களில் எண் உருவாக்கும் சூத்திரத்தை அவர்கள் பிரித்துத் தெரிந்துகொண்டிருந்தார்கள். சுமார் 20 சுழற்சியைப் போனில் படம் எடுத்து ரஷ்யாவுக்கு அனுப்புவார்கள். அங்கே கணக்குப் போட்டு நேரக் குறிப்பு வரும். அழுத்த வேண்டிய கணத்துக்குக் கால் நொடி முன்பு போன் அதிரும். பிடிபட்டவர்கள் சிறைக்குப் போனார்கள்.

போன் இங்கே வெறும் தூதுவன். வேலை செய்தது, மெஷினுக்குள் இருந்த பலவீனத்தைப் பல காலம் உழைத்துக் கண்டுபிடித்த மூளைகள். நெவாடா வாரியத்திலேயே மெஷின் சோதிக்கும் வேலையில் இருந்த ரான் ஹாரிஸ்கூட, கீனோ என்ற, லாட்டரி போல எண்கள் எடுக்கும் ஆட்டத்தின் எண்களைக் கணித்து ஒரு லட்சம் டாலர் பரிசு விழுந்த 1995இல் மாட்டிக்கொண்டார்.

கே: தினமும் 2 லட்சம் வர எந்தக் கருவி வாங்கலாம்? விலை என்ன? அவசரம்.

ப: எந்த ஆட்டம் என்று எழுதவில்லை, எந்த நாடு என்று எழுதவில்லை. இப்படிக் கேட்டால் நான் எதைச் சொல்வது? அவசரப்பட்டு எதையும் வாங்க வேண்டாம். அடுத்த பதிலைப் படியுங்கள்.

கே: டெலிகிராமில் ஒருவர் விமானம் பறக்கும் ஆட்டத்துக்கு 'பிரடிக்டர்' (முடிவை முன்கூட்டியே சொல்லும்) ஆப் தருகிறார். நான்கு முறை சொன்னது அப்படியே வந்தது. ஐந்தாவது முறை 35,000 போய்விட்டது. ஆப்பில் என்ன கோளாறு? (சேலம் வாசகர். இதே போல 11 கடிதங்கள்)

ப: ஆப்பில் கோளாறு இல்லை. அது கணிக்கவே இல்லை. இதைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஏமாந்தவர்கள் மீது இல்லை, இதை விற்பவர்கள் மீது.

முதலில் தொழில்நுட்பம். ரூலட் சக்கரம் கண்முன் ஓடுகிறது, அளக்க ஏதோ இருக்கிறது. பிளாக்ஜாக்கில் விழுந்த சீட்டு தெரிகிறது. நீங்கள் சொல்லும் விமான ஆட்டத்தில், ஏவியேட்டர் மாதிரி, விமானம் ஏற ஏறத் தொகை பெருகும், அது மறையும் முன் பணத்தை எடுக்க வேண்டும். ஆனால் உங்கள் போனில் ஓடுவது வெறும் படம். முடிவு சர்வரில் உருவாகிறது. சர்வரின் ரகசிய எண்ணோடு, அந்தச் சுற்றில் முதலில் பந்தயம் கட்டும் சில ஆட்டக்காரர்களின் எண்களும் சேர்ந்துதான் முடிவு வருகிறது. பந்தயம் கட்டும் முன் அந்த முடிவு எங்குமே இல்லை. இல்லாத ஒன்றை எந்த ஆப் படிக்கும்?

அப்படியானால் நான்கு முறை எப்படிச் சரியாக வந்தது? 800 பேர் உள்ள குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 பேருக்கு 'உயர ஏறும்', 400 பேருக்கு 'சீக்கிரம் மறையும்' என்று தனித்தனியாக அனுப்பினால் 400 பேருக்குச் சரியாக வரும். அவர்களை 200, 200 ஆகப் பிரித்து மறுபடி அனுப்பினால், நான்காவது சுற்று முடியும்போது 50 பேருக்கு நான்கும் சரி. அந்த 50 பேரில் ஒருவர் நீங்கள். மீதி 750 பேரின் செய்தி உங்களுக்குத் தெரியாது.

இனி பணம். அந்த ஆள் 'என் லிங்க் வழியாகத்தான் கணக்குத் தொடங்க வேண்டும், குறைந்தது இவ்வளவு கட்டினால்தான் ஆப் திறக்கும்' என்று சொன்னாரா? 11 கடிதங்களில் ஒன்பதில் இது இருக்கிறது. அந்த லிங்க் மூலம் வருகிறவர்கள் தோற்கும் பணத்தில் ஒரு பங்கு லிங்க் கொடுத்தவருக்குப் போகும் ஏற்பாடு இந்தத் தொழிலில் சாதாரணம். அதாவது நீங்கள் தோற்றால்தான் அவருக்கு வருமானம். உங்களை ஜெயிக்க வைக்கும் கருவியை அவர் ஏன் தருவார்?

சென்ற வருடம் ஒரு வாசகர் 40,000 ரூபாய் கொடுத்து வாங்கிய 'ரூலட் கம்ப்யூட்டர்' ஒன்றை எனக்கு அனுப்பி வைத்தார். திறந்து பார்த்தேன். ஒரு பேட்டரி, ஒரு மலிவான சிப், அதிரும் மோட்டார். கேமரா இல்லை, சென்சார் இல்லை, நேரம் குறிக்க ஒரு பட்டன்கூட இல்லை. பந்தைப் பார்க்கவே வழியில்லாத பெட்டி நினைத்த நேரத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது. அவர் அதை நம்பி மகள் கல்லூரிக்கு வைத்திருந்த பணத்தில் கையை வைத்திருந்தார். அவருக்குப் பதில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது.

சேலம் வாசகரே, அந்தக் குழுவின் செய்திகளை அழிக்காமல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். தாமதம் ஆக ஆகப் பணத்தை முடக்குவது கடினம். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் தடுக்கும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது, அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருக்க வேண்டாம். 'இழந்ததை மீட்டுத் தருகிறேன்' என்று அடுத்த ஆள் வருவார். அவருக்கும் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

கே: பாக்கரா சீட்டாட்ட மேஜையில் முந்தைய முடிவுகளை கேசினோவே மின்திரையில் காட்டுகிறதே. அதைப் படம் எடுத்து ஆராயலாமா?

ப: பயன் இருந்தால் காட்டவே மாட்டார்கள். முந்தைய முடிவு அடுத்த முடிவைச் சொல்லாது. 1913இல் மான்டி கார்லோவில் ரூலட்டில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. அடுத்தது சிவப்புதான் என்று கட்டியவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் தொகையை ஏற்றி அழிந்தார்கள். பாக்கராவில் சீட்டு எண்ணினாலும் கிடைக்கும் அனுகூலம் சொற்பம்.

கே: கோவா கப்பலில் ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டு ஆடலாமா?

ப: கழற்றிப் பையில் வையுங்கள்.

கே: சிங்கப்பூரில் இருக்கிறோம். என் கணவர் இணையத்தில் ஒரு கருவி வாங்கியிருக்கிறார். 'இது இருந்தால் ஜெயிக்கலாம்' என்று வாரம் இரண்டு முறை கேசினோவுக்குப் போகிறார். நுழைவுக் கட்டணமே ஒவ்வொரு முறையும் 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கருவியை ஒளித்து வைத்துவிடட்டுமா?

ப: ஒளித்து வைத்தால் இன்னொன்று வாங்குவார், வீட்டில் சண்டைதான் மிஞ்சும். முதலில் அமைதியான நேரம் பார்த்து, அந்தக் கருவி பந்தையோ சீட்டையோ எதனால் பார்க்கிறது என்று அவரையே காட்டச் சொல்லுங்கள். ஏமாற்றும் கருவியோடு அங்கே பிடிபட்டால் கட்டணத்தோடு போகாது, சிறை வரை போகலாம் என்பதையும் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால், சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தில் குடும்பத்தினர் விண்ணப்பித்து ஒருவர் கேசினோவுக்குள் நுழையாமல் தடை வாங்க வழி இருக்கிறது. மனைவி என்ற முறையில் நீங்களே விண்ணப்பிக்கலாம். வங்கிக் கணக்கு அறிக்கையையும் அவர் போய்வந்த தேதிகளையும் ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கு மறுபடி எழுதுங்கள் அம்மா.