20ஆம் நம்பர் முள்ளுக்கு எந்த நூல்?

கேள்வி: குன்னூரில் இருக்கிறேன். டிரவுட் மீனுக்காக 18, 20 நம்பர் தூண்டில் முள்ளில் சின்ன ஃப்ளை (பூச்சி போலக் கட்டும் செயற்கை இரை) கட்டிப் பழகுகிறேன். வீடியோவில் சொன்னார்களே என்று 6/0 நூல் வாங்கினேன். தலை தடித்து, முள்ளின் கண்ணே (நரம்பு கோக்கும் துளை) அடைத்துக்கொள்கிறது. பிறகு ஆன்லைனில் 16/0 என்று ஒன்று வாங்கினேன். கட்டும்போதே அறுந்துபோகிறது. எந்த நூலை வாங்குவது?

பதில்: 70 டெனியர் (நூலின் கனத்தைச் சொல்லும் அளவு) நைலான் நூலில் கருப்பு ஒன்று, வெள்ளை ஒன்று வாங்குங்கள். 18, 20 இரண்டுக்கும் அது போதும். மற்ற நிறம் வேண்டுமென்றால் வெள்ளை நூலில் பெர்மனென்ட் மார்க்கரை இழுத்துக்கொள்ளலாம். ஆனால் இதை மட்டும் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் மறுபடியும் ஏமாறுவீர்கள். அதனால் அந்த நம்பர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

6/0, 8/0, 16/0 என்பதில் முன்னால் உள்ள எண் ஏற ஏற நூல் மெலியும். ஆனால் அந்தக் கணக்கு ஒரே கம்பெனியின் நூல்களுக்குள் மட்டும்தான் செல்லும். டான்வில் 6/0 நூல் 70 டெனியர். யூனி 6/0 நூல் சுமார் 135 டெனியர். நம்பர் ஒன்றே, கனம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! யூனியில் 70ஐ ஒட்டி வருவது 8/0 நூல்தான். அது 72 டெனியர். வீடியோவில் கட்டியவர் ஒரு கம்பெனி நூலைச் சொல்லியிருப்பார், உங்களுக்கு வந்தது வேறொன்றாக இருக்கும். உலகம் முழுக்க விற்கிற ஒரு பொருளுக்குப் பொதுவான அளவு வைக்கக்கூடவா இந்தக் கம்பெனிகளால் முடியவில்லை? புதிதாகப் பழகுகிறவர்கள் பாதிப் பேர் நொந்துபோவது இதனால்தான்.

டெனியர் என்பது எடைக் கணக்கு. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ, அத்தனை டெனியர். திருப்பூர், ஈரோடு பக்கம் பஞ்சு நூலைப் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பஞ்சு நூலின் அளவான கவுன்ட் கூடினால் நூல் மெலியும். டெனியர் கூடினால் நூல் தடிக்கும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். 30 செ.மீ. ஸ்கேலில் நீளவாக்கில் 15 சுற்றுச் சுற்றினால் சுமார் 9 மீட்டர் வரும். அதைக் கழற்றி, தெரிந்த நகைக்கடையில் மில்லிகிராம் காட்டும் தராசில் வைத்துப் பாருங்கள். எத்தனை மில்லிகிராமோ, அதுவே டெனியர். 70 மில்லிகிராம் வந்தால் சரியான நூல். 200க்கு மேல் காட்டினால் அது பெரும்பாலும் தையல் நூல்.

அப்படித்தான் பலருக்குக் காட்டுகிறது. கம்பெனிப் பெயரே இல்லாத சுருளில் '8/0' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் ஆன்லைன் வியாபாரிகளிடமும், 'எல்லாம் அடங்கிய கிட்' என்று டப்பாவில் போட்டு விற்பவர்களிடமும் நூலை வாங்கவே வாங்காதீர்கள். பெரிய கோனில் வாங்கிய நூலைச் சின்னச் சுருளில் மாற்றிச் சுற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். 'டெனியர் எத்தனை?' என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். தையல்காரர்கள் சாதாரணமாகப் போடும் பாலியஸ்டர் நூல் டெக்ஸ் 24 முதல் 27 வரை இருக்கும். ஒரு டெக்ஸ் என்பது 9 டெனியர். ஆக 216 முதல் 243 டெனியர்! போதாததற்கு அதில் பிசிறு வேறு. 20ஆம் நம்பர் முள்ளில் அந்த நூலை நான்கு சுற்றுச் சுற்றினாலே தலைக்கு இடமிருக்காது.

இப்போது அறுந்துபோவதற்கு வருவோம். உங்கள் 16/0 மட்டமான நூலாகவும் இருக்கலாம். ஆனாலும் நூலைக் குறை சொல்லுமுன், நூல் சுருளை மாட்டிக் கட்டும் பாபின் ஹோல்டரைப் பாருங்கள். மலிவான ஹோல்டரில் உலோகக் குழாயின் வாய் சரியாகத் தேய்க்கப்பட்டிருக்காது. கொஞ்சம் பஞ்சை எடுத்து வாய் விளிம்பில் சுற்றித் தடவுங்கள். இழை மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. எந்த நூலைப் போட்டாலும் அறுக்கும். வாயில் செராமிக் வைத்த ஹோல்டருக்கு மாறிவிடுங்கள். அடுத்தது இறுக்கம். நூலை முள்ளில் கட்டி ஹோல்டரைத் தொங்கவிட்டால் அது தன் எடையில் இறங்கக் கூடாது. விரலால் லேசாக இழுத்தால் வழுக்கி வர வேண்டும். வராவிட்டால் ஹோல்டரின் இரண்டு கம்பிக் கால்களையும் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் வளையுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் அறுந்தால், சுற்றும்போது நூல் முள்முனையில் உரசுகிறது.

50, 30 டெனியரில் 'நானோ சில்க்' போன்றவை வருகின்றன. பெயரில்தான் சில்க், அது பாலிஎத்திலீன் இழை. அந்தக் கனத்துக்கு அபார பலம், ஆனால் வழுக்கும், சாதாரணக் கத்தரி வெட்டாது. 22ஆம் நம்பரைவிடச் சின்ன முள்ளுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மெல்லிய நூல் நல்லது என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள். எல்க் ஹேர் கேடிஸ் போல முடியில் இறக்கை வைக்கும் ஃப்ளைக்கு மிக மெல்லிய நூல் ஆகாது. மான் இன முடி உள்ளே காற்றறைகள் கொண்டது. மெல்லிய நூலை இறுக்கினால் முடியை அழுத்திப் பிடிப்பதற்குப் பதில் அறுத்துவிடும். இறக்கை கையோடு வந்துவிடும். இங்கே 70 டெனியர் தட்டை நூல்தான் சரி. ஹோல்டரை மேலிருந்து பார்த்துக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நாலைந்து தடவை சுழலவிடுங்கள், முறுக்கு பிரிந்து நூல் ரிப்பன் போலப் படியும். இது வலக்கைக்காரர்களுக்கு, இடக்கைக்காரர்கள் திசையை மாற்றிக்கொள்ளுங்கள். முடிமேல் முதல் இரண்டு சுற்றைத் தளர்வாகப் போட்டு, மூன்றாவதை நேர் கீழாக இழுத்து இறுக்குங்கள். முதல் சுற்றையே இறுக்கினால் முடி முள்ளைச் சுற்றி ஓடிவிடும்.

முடி என்றதும் இன்னொன்று. 'நாட்டு மான் முடி', 'கடமான் முடி' என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் தொடாதீர்கள். காட்டுக்கோழியின் கழுத்து இறகும் அப்படித்தான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வைத்திருப்பதே குற்றம். விற்றவன் கைகழுவிவிடுவான், வனத்துறையிடம் நீங்கள்தான் நிற்க வேண்டும். பண்ணை வாத்தின் இறகை வைத்தே நல்ல இறக்கை கட்டலாம்.

தலை தடிப்பதற்கு மீதிக் காரணம் சுற்றுகளின் எண்ணிக்கை. 20ஆம் நம்பரில் தொடக்கத்துக்கு ஐந்து சுற்று, ஒவ்வொரு பொருளையும் கட்ட மூன்று சுற்று போதும். பயத்தில் எட்டு, பத்து என்று போடாதீர்கள். கண்ணுக்குப் பின்னால் கண்ணின் அகலம் அளவுக்கு முள்ளை வெறுமையாக விட்டே கட்டிவாருங்கள். தலைக்கான இடம் அதுதான். முடிக்கும்போது நூலைத் தட்டையாக்கி, நான்கு சுற்றில் ஒரே ஒரு விப் ஃபினிஷ் (நூல் முனையைச் சுற்றுகளுக்கு அடியில் இழுத்துப் போடும் கடைசி முடிச்சு). பசையை ஊசி நுனியில் எடுத்து வைத்துவிட்டு, அது காய்வதற்குள் ஒரு கோழி இறகுத் தண்டைக் கண்ணுக்குள் விட்டு இழுத்துவிடுங்கள்.